ஜாடியில் வளர்க்கும் பாம்பு கடித்தால்

குறுவை அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போடும் நாட்களில் எங்கள் அவசரப் பிரிவுக்குப் பாம்புக்கடி வராத வாரமே கிடையாது. வயலில் கடிபட்டு வருபவர்களை என்ன சொல்ல முடியும்? வரப்பில் பிடித்த பாம்பை ஊறுகாய் ஜாடியில் போட்டு வளர்த்து, கையில் சுற்றி ரீல்ஸ் எடுத்து, கடிபட்டு வரும் பையன்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

போன வாரம் வந்தவன் மன்னார்குடிப் பக்கம். முன்னிரவில் கடி. வலி இல்லை, வீக்கம் இல்லை. விரலில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி, அவ்வளவுதான். 'ஓநாய்ப் பாம்பு, விஷமில்லை' என்று சாப்பிட்டுப் படுத்துவிட்டான். விடிகாலையில் வயிற்றுவலி என்றதும் அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். இங்கே வரும்போது இமையைத் தூக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை. கடித்தது ஓநாய்ப் பாம்பு போலவே தெரியும் கட்டுவிரியன். வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றினோம்.

வலிக்காவிட்டால் விஷமில்லை என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! கண்ணாடி விரியன் கடித்தால் வலிக்கும், வீங்கும், சரி. கட்டுவிரியன் அப்படியில்லை. கடித்த இடம் பெரும்பாலும் சும்மாவே இருக்கும். தூக்கத்தில் கடிபட்டது தெரியாமல் வயிற்றுவலி என்று வருபவர்கள் உண்டு. ஓநாய்ப் பாம்புக்கு வெள்ளை வரி முன்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேரெதிர். (இதைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கிளம்பாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் எங்களுக்கே குழம்பும்.) வலியில்லாத கடியையும் ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

'பல்லைப் பிடுங்கிவிட்டோம் சார்' என்பார்கள். பின்னாலேயே மாற்றுப் பல் தயாராக இருக்கும். பழகிய பாம்பு என்று ஒன்றும் கிடையாது. கையில் எலி வாசம் அடித்தால் அதற்கு உங்கள் விரலும் இரைதான்.

சாரையோ மலைப்பாம்போ கவ்விப் பிடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல் உள்நோக்கி வளைந்தது, சதை கிழியும், பல் உடைந்து உள்ளே தங்கும். விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டிடி ஊசி போடுங்கள். என்ன பாம்பு என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் விஷக்கடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கையைக் கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மந்திரிக்கப் போகும் நேரத்தில் இங்கே வந்துவிடலாம்.

1972 வனவிலங்குச் சட்டப்படி நம்மூர்ப் பாம்பு எதையும், சாரையைக்கூட, வீட்டில் வளர்க்கக் கூடாது. கேஸ் வரும் என்று பயந்து 'வயலில் ஏதோ கடித்தது' என்று பொய் சொல்கிறார்கள். தம்பிகளா, கடித்த நேரத்தையும் பாம்பையும் டியூட்டி டாக்டரிடம் மட்டுமாவது மறைக்காதீர்கள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வர வேண்டாம், தள்ளி நின்று எடுத்த போட்டோ போதும்.