கல்வெட்டு: ஒரு சொல், மூன்று சான்றுகள்

திருகோணமலையில் குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ பேச வருபவர் "இது கல்வெட்டில் இருக்கிறது" என்றால், கேட்பவர்கள் மனதில் மூன்று வெவ்வேறு பொருள்கள் தோன்றும். ஒருவருக்குக் கோட்டை வாசலில் உள்ள கல். இன்னொருவருக்குக் கோணேசர் கல்வெட்டு. மற்றவருக்கு அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு அச்சடித்த புத்தகம். மூன்றுக்கும் பெயர் கல்வெட்டுத்தான், ஆனால் சான்று என்ற அளவில் மூன்றும் ஒரே எடை அல்ல.

கல் + வெட்டு. கல்லில் வெட்டப்பட்ட எழுத்து என்பதே முதற்பொருள். வடமொழி வழி வந்த 'சாசனம்' இதற்கு ஈடாக வழங்கினாலும், அதன் வேர்ப்பொருள் கட்டளை. செம்பில் எழுதியதும் சாசனமே. செம்பில் உள்ளதைச் செப்பேடு என்றும், கல்லில் உள்ளதைக் கல்வெட்டு என்றும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. பேச்சாளர் இந்தப் பிரிவைக் காப்பது நல்லது.

முதற்பொருளுக்கு மாவட்டத்தில் சான்று நிறைய உண்டு. நிலாவெளிக் கல்வெட்டு கோணேசர் கோயிலுக்கு விடப்பட்ட 250 வேலி (வேலி பழைய நில அளவு) நிலத்தைச் சொல்கிறது. பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையில், அதாவது இராசராசப் பெரும்பள்ளியில், உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த கொடையைப் பதிவு செய்கின்றன. பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிய கொடை என்பதால் ஊர் வரலாறு பேசுவோர் இதைத் தவறவிடக் கூடாது. கோட்டையில் கிடைத்த கிரந்த எழுத்துக் கல்வெட்டு சோடகங்கன் என்பவன் வந்த ஆண்டைச் சக ஆண்டு 1145 என்கிறது. 78ஐக் கூட்டினால் பொது ஆண்டு 1223.

கோட்டை வாசற் கல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரட்டைக் கயல் மீன் சின்னத்தோடு காணப்படும், கோணேசர் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் அரசனைப் பற்றிய "முன்னே குளக்கோட்டன்" பாட்டை ஊரில் பலர் முழுதாகச் சொல்வார்கள். கல்லில் எஞ்சியிருப்பதோ உடைந்த வரிகள். மீதி வாய்மொழியாக வந்தது. உரையில் காட்டும் படத்தில் கல்லில் தெரியும் எழுத்தை ஒரு நிறத்திலும் வாய்மொழிப் பகுதியை வேறு நிறத்திலும் போட்டால் குழப்பம் தீரும். படம் எடுக்கக் காலையோ மாலையோ சாய்ந்த வெயிலில் போக வேண்டும். உச்சி வெயிலில் நிழல் விழாததால் பள்ளமான எழுத்து தட்டையாகிவிடும். எழுத்துத் தெளியட்டும் என்று சுண்ணக்கட்டி பூசவே கூடாது. மைப்படி, அதாவது கல்லின் மேல் தாள் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி, எடுப்பதானால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி பெற வேண்டும்.

இரண்டாவது, கோணேசர் கல்வெட்டு. கவிராசவரோதயர் பெயரில் வழங்கும் இது பாட்டும் உரைநடையுமாக ஏட்டில் வந்த நூல். கோணேசர் சாசனம் என்ற பெயரும் உண்டு. யார் என்ன தொழும்பு (ஊழியம்) செய்வது, கோயிற் குழுவினரான தானத்தார் யார், வரிப்பத்தார் யார் என்று கோயிற் கடமைகளை வகுப்பதால், மாறாத கட்டளை என்ற கருத்தில் அந்தப் பெயர் பொருந்தியது. தங்கள் குடி எப்படி வந்தது என்று தேடுவோர் முதலில் நாடுவதும் இதைத்தான். ஆனால் குளக்கோட்டன் வருகையை இது கலி 512 என்கிறது. கலி பொது ஆண்டுக்கு முன் 3102இல் தொடங்குவதாகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய கி.மு. 2590 ஆகும். சோடகங்கனே குளக்கோட்டன் என்று கொள்வோரின் 1223உடன் இது ஒட்டவே ஒட்டாது. எனவே இந்நூலை ஆண்டுக் கணக்குக்காகப் பார்க்க வேண்டாம். எந்தக் குடி எந்த உரிமையைக் கோரியது என்று அறியவே பார்க்க வேண்டும். அந்த வகையில் இதற்கு நிகர் வேறில்லை.

மூன்றாவது, ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியையில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். தேவாரம், இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பா, ஊர்ச் சிறப்பு, குலம், பிறப்பு, திருமணம், மக்கள், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று போகும். கடைசிப் பக்கங்களில் வம்சாவளி இருந்தால் அது புதையல். எழுத்துத்தமிழில் இதற்கு 'நினைவு மலர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது, நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்திலும் அப்பெயரிலேயே தேடலாம்.

திதி வெண்பாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது ஆண்டை எண்ணால் சொல்லாது. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரால் சொல்லும். விரோதி என்றால் 1949உம் ஆகலாம், 2009உம் ஆகலாம். பேரப்பிள்ளைகளின் வயதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், 2009இல் தொடங்கிய விரோதியின் தை மாதம் 2010 ஜனவரியில் வரும். பூர்வபக்கம் வளர்பிறை, அபரபக்கம் தேய்பிறை. இவற்றோடு பஞ்சாங்கத்தை ஒப்பிட்டால்தான் ஆங்கிலத் தேதி கிடைக்கும். அதையும் மரணச் சான்றிதழோடு சரிபார்த்த பின்பே குறிக்க வேண்டும்.

உறவுப் பெயரிலும் பொறி உண்டு. இலங்கைத் தமிழ்ப் பேச்சில் பல இடங்களில் 'பேரன்' பாட்டனைக் குறிக்கும். 'இன்னாரின் பேரன்' என்ற ஒரு வரியைத் தவறாகப் படித்தால் வம்சாவளி தலைகீழாகப் புரண்டுவிடும். சிறுவயதில் இறந்த பிள்ளைகள் பெரும்பாலும் விடுபடுவார்கள். மகள்மார் சில வேளை மருமகன் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள்.

ஆகவே தனியாகக் 'கல்வெட்டு' என்னாமல் முன்னால் ஒரு சொல் சேர்ப்பதே முறை: கல்லில் உள்ளதைக் 'கற்கல்வெட்டு' என்றால் கூறியது கூறலாகும், அதைக் 'கோட்டைக் கல்வெட்டு', 'நிலாவெளிக் கல்வெட்டு' என்று இடப்பெயரோடு சொல்லலாம். ஏட்டு நூலைக் 'கோணேசர் கல்வெட்டு நூல்' என்றும், வீட்டுப் புத்தகத்தை 'அந்தியேட்டிக் கல்வெட்டு' அல்லது 'நினைவு மலர்' என்றும் சொன்னால், கேட்பவர் வீட்டுக்குப் போய் எந்த அலுமாரியைத் திறப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.