சோல் இசையில் ஆன்மிகம் எங்கே வந்தது?

‘சோல்’ என்ற அமெரிக்கக் கறுப்பின இசையின் பெரும் பாடகி அரெத்தா ஃபிராங்க்ளின். தமிழில் அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் ‘க்வீன் ஆஃப் சோல்’ என்ற பட்டத்தை ‘ஆன்மாவின் ராணி’ என்று மொழிபெயர்த்துச் சேர்த்துவிடுகிறார்கள். ‘ஆன்மாக்களின் அரசி’ என்று பேய்ப் படத் தலைப்பு மாதிரி எழுதுகிறவர்களும் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஆன்மிக இசைப் பாடகி’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சோல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்பதே பொருள், சரி. ஆனால் 1950-களில் ரே சார்ல்ஸ் போன்ற பாடகர்கள் கறுப்பினத் தேவாலயங்களின் கோஸ்பல் என்னும் பக்திப் பாட்டுப் பாணியை எடுத்துக் காதல் பாட்டுக்குப் போட்டார்கள். ஜாஸ்காரர்களிடமும் ‘சோல் ஜாஸ்’ பிறந்தது. தேவாலயத்தை விட்டுத் தெருவுக்கு வந்த இசையை மறுபடி உள்ளே இழுத்து உட்கார வைக்கிறது ‘ஆன்மிகம்’.

அரெத்தாவையே பாருங்கள். டெட்ராய்ட்டில், அப்பா போதகராக இருந்த தேவாலயத்தில் பாடத் தொடங்கியவர். 1960-ல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து ஜாஸ் பாட்டுகள் நிறையப் பாடினார். 1964-ல் மறைந்த பாடகி டைனா வாஷிங்டனின் நினைவாக ஒரு தொகுப்பே போட்டார். பெரிய பேர் கிடைத்தது அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறிய பிறகுதான். 1967-ல் அவர் குரலில் வந்த ‘ரெஸ்பெக்ட்’ (மரியாதை), முதலில் ஓடிஸ் ரெடிங் என்ற பாடகர் ஆணின் குரலில் எழுதிப் பாடியது. அதையே அரெத்தா, வீட்டுக்கு வந்தால் எனக்கு மரியாதை கொடு என்று ஒரு பெண் அதட்டிக் கேட்பதாக மாற்றிவிட்டார். இதில் என்ன ஆன்மிகம்? 1972-ல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பதிவான ‘அமேசிங் கிரேஸ்’தான் அசல் பக்தித் தொகுப்பு. ‘ரெஸ்பெக்ட்’டை ஆன்மிக இசை என்று சொல்லிவிட்டு இதற்கு என்ன பெயர் வைப்பார்களாம்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘உயிரிசை’ என்கிறார்கள். ஆன்மா வடசொல், உயிர் நம் சொல், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரெழுத்தும் உயிரியலும் பழகிய காதில் அது வேறு எங்கோ போய் விழுகிறது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் கறுப்பினத்தவர் பேச்சில் சோல் என்பது ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடும் சொல். 1967 ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் கடைகள் எரிந்தபோது, கறுப்பினக் கடைக்காரர்கள் தங்கள் கடைகளில் ‘சோல் பிரதர்’ என்று எழுதி வைத்தார்கள். இது நம்ம ஆள் கடை, கை வைக்காதே என்று அர்த்தம். இந்த அர்த்தத்தை ஆன்மாவும் தராது, உயிரும் தராது. 1969-ல் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு, கறுப்பினப் பாட்டுகளுக்கான தன் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ விற்பனைப் பட்டியலை ‘சோல்’ என்று பெயர் மாற்றியபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

ஜாஸை ஜாஸ் என்றுதானே எழுதுகிறோம்? சோலையும் அப்படியே விடுங்கள். பாடும் விதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தமிழ் வேண்டும். அதற்கு ‘உருக்கம்’ இருக்கிறது. ‘உருகிப் பாடினார்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

அப்புறம், அமெரிக்கக் கறுப்பினத்தவர் பொரித்த கோழியும் சோள ரொட்டியுமாகச் சாப்பிடும் சோல் ஃபுட்டை ‘ஆத்ம உணவு’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் ஊரில் ஆத்மாவுக்குச் சாப்பாடு படைப்பது திவசத்தன்று.