புகைமூட்டக் காலத்தில் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) எண்: தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அந்த நேரத்தில் சுமத்ராவின் ரியாவ் பக்கம் கம்புட் மண் பற்றினால், புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வாசலுக்கு வர ஒரு நாள் போதும். கம்புட் என்பது மக்கிய செடிகொடிகள் மீட்டர் கணக்கில் படிந்த மண். மேலே தீ அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். நுண்துகளோடு, அந்த மண்ணில் தங்கியிருந்த பாதரசமும் ஆவியாகக் கிளம்புகிறது. அது மாதக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஆனால் ஐபியு கணக்கில் பாதரசம் இல்லை.

ஐபியுவில் 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். 500ஐத் தாண்டினால் அவசரகாலம் அறிவிக்கலாம். 2013 ஜூனில் மூவாரில் 746 பதிவானபோது அப்படித்தான் அறிவித்தார்கள்.

பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். புகைமூட்ட நாளில் எண்ணை ஏற்றுவது பெரும்பாலும் பிஎம் 2.5 நுண்துகள். அதற்கு எடுப்பது கடந்த 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் புகை வந்து சூழ்ந்தால், ஏழு மணிக்கு எண் இன்னும் 90 என்றே காட்டலாம். புகை விலகிய பிறகும் எண் மெதுவாகத்தான் இறங்கும். எந்த நிலையத்தின் எண் என்பதையும் பாருங்கள். கிள்ளான் பக்கத்து ஜோகான் செத்தியாவில் கம்புட் நிலம் இருப்பதால் உள்ளூர்த் தீயிலேயே எண் எகிறும். பந்திங் நிலையம் வேறு காட்டும். எதிரே இருக்கும் செம்பனை வரிசை மங்கலாகத் தெரிந்தால், எண் ஏறும்வரை காத்திருக்காமல் பிள்ளைகளை உள்ளே வையுங்கள்.

பள்ளிக்குக் கல்வி அமைச்சின் விதி தெளிவு: 100ஐத் தொட்டால் வெளிப்புற நடவடிக்கை நிறுத்தம், 200ஐத் தொட்டால் பள்ளி மூடல். தமிழ்ப்பள்ளிக்கும் இதேதான்.

வேலைக்கு அப்படி ஓர் எண் சட்டத்தில் இல்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம்தான் துணை. பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை. அச்சட்டப்படி கொடுக்க வேண்டிய முகக்கவசத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது (பிரிவு 26). ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு குலை வெட்டுவதால் பயனில்லை, நுண்துகள் அதில் நிற்காது. என்95 முகக்கவசம் வேண்டும், வியர்வையில் நனைந்ததும் மாற்ற வேண்டும். 2024 ஜூன் 1 முதல் அதே சட்டத்தின் பிரிவு 26ஏ நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காகத் தண்டிக்க முடியாது. லேசான புகைக்கு இது பொருந்தாது. ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் கடிதத்தை முன்கூட்டியே மேனேஜரிடம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது.

திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். தகனத்துக்கும் வழிபாட்டுத் தீக்கும் விலக்கு உண்டு. லயத்துக் குப்பைக்கு இல்லை. எரிவதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727. இடம், நேரம், படம் சொன்னால் போதும், எரித்தவர் பெயர் தேவையில்லை. கம்புட் மண்ணில் தீ என்றால் முதலில் 999. தாமதித்தால் தீ அடியில் இறங்கிவிடும், அதன்பின் மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.