படகு எப்படிக் கவிழ்கிறது? உல்லாசப் பயணிகள் அறிய வேண்டிய எடைக் கணக்கு

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று மாலை, தேக்கடி ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்ததில் 45 பேர் உயிரிழந்தனர். அங்கே கடலலை இல்லை. பாறையிலோ வேறு படகிலோ மோதவும் இல்லை. கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்ப்பதற்காகப் பயணிகள் பலர் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. முட்டுக்காட்டிலோ பிச்சாவரத்திலோ கொடைக்கானல் ஏரியிலோ படகில் ஏறும் ஒவ்வொருவரும், படகு எதனால் நிமிர்ந்து நிற்கிறது, எப்போது அந்த வலிமையை இழக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதுமான காரணம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்திருக்கிறோம். படகு மிதக்குமா என்பதை அது சொல்லிவிடும். நிமிர்ந்து மிதக்குமா என்பதைச் சொல்லாது. அதை அறிய இரண்டு புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். படகு, ஆட்கள், சாமான்கள் அனைத்தின் எடையும் ஒன்றுதிரண்டு கீழ்நோக்கிச் செயல்படும் புள்ளி ஈர்ப்பு மையம். நீர் படகை மேல்நோக்கித் தாங்கும் விசை செயல்படும் புள்ளி மிதப்பு மையம். இது படகின் அமிழ்ந்த பகுதிக்கு நடுவே அமைந்திருக்கும். படகு வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழும். ஆகவே மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும். அப்போது எடை ஒரு கோட்டில் கீழே இழுக்க, நீர் அதற்கு வெளிப்புறமாக இன்னொரு கோட்டில் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து படகைத் திருப்பி நிமிர்த்துகின்றன.

இந்த நிமிர்வுக்கு ஓர் எல்லை உண்டு. சாய்ந்த நிலையில் மிதப்பு மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். பிரெஞ்சு அறிவியலாளர் பியர் பூகே 1746இல் வெளியிட்ட கப்பல் பற்றிய நூலில் அந்த இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே ஏறிவிட்டாலோ, அதுவரை தாங்கிய நீரே படகைப் புரட்டத் தொடங்கும். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பது இதே கணக்கினால்தான்: அதன் எடை முழுவதும், உருண்ட அடிப்பாகத்தின் வளைவு மையத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. பொம்மையின் தலையில் களிமண்ணை அப்பினால் அது எழாது.

ஈர்ப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் அமையும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது படகின் அகலம். நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் மும்மடியைப் பொறுத்து நிமிர்த்தும் ஆற்றல் கூடுகிறது. அகலம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதனால் கிடைக்கும் நிமிர்த்தும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. குறுகலான கயாக், சற்றே அசைந்தாலும் ஆடுவதற்கும், அகன்ற பெடல் படகு அசையாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். படகின் அகலத்தைப் பயணி மாற்ற முடியாது. ஆனால் ஈர்ப்பு மையத்தின் உயரம் பெரும்பாலும் பயணியின் கையில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 150 கிலோ எடையுள்ள துடுப்புப் படகில் ஆளுக்கு 60 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். இருவரும் எழுந்து நின்றால் அவர்களுடைய உடலின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் மேலே போகிறது. 270 கிலோ மொத்த எடையில் 120 கிலோ இவ்வளவு உயர்வதால், ஒட்டுமொத்த ஈர்ப்பு மையம் சுமார் 18 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. இத்தகைய படகில் ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையே உள்ள தூரமே அரை மீட்டரை ஒட்டி இருக்கக்கூடும் என்பதால், செல்ஃபி எடுக்க எழுந்து நிற்கும் அந்த நொடியில் படகு தன் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கிறது. ‘உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள்’ என்று படகோட்டி அதட்டுவதன் பொருள் இதுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் விளிம்பில் கால் வைக்காமல், குனிந்தபடி, ஒரு கையால் எதையாவது பற்றிக்கொண்டு, படகின் நடுவில் கால் பதிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

உயரத்தோடு பக்கவாட்டு நகர்வும் சேரும்போதுதான் ஆபத்து முழுமை அடைகிறது. மொத்தம் 10 டன் எடையுள்ள ஒரு சுற்றுலாப் படகில் ஆளுக்கு 60 கிலோ எடையுள்ள 20 பேர் 2 மீட்டர் நகர்ந்து மறுபக்கம் போனால், ஈர்ப்பு மையம் 24 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகுகிறது. அந்தப் படகின் ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றால், அது ஏறத்தாழ 22 பாகை சாயும். அந்தச் சாய்வில் நாற்காலிகள் வழுக்கும். நின்றிருப்பவர்கள் தாழ்ந்த பக்கத்துக்கே சரிவார்கள். அவர்கள் சரிந்ததால் சாய்வு மேலும் கூடும். படகின் விளிம்போ சன்னலோ நீர்மட்டத்தைத் தொட்டதும் நீர் உள்ளே பாய்கிறது. அதற்குமேல் எவரும் எதுவும் செய்ய நேரம் இருக்காது.

அலையே இல்லாத இடத்திலும் இது நடக்கும் என்பதற்குச் சிகாகோ ஆறு சான்று. 1915ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று காலை, ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் குடும்பத்தினருமாக 2,500க்கும் மேற்பட்டோரை உல்லாசப் பயணத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த ‘ஈஸ்ட்லேண்ட்’ கப்பல், கரையிலேயே கட்டப்பட்டிருந்த நிலையில் பக்கவாட்டில் புரண்டது. ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். இறந்தவர்கள் 844 பேர். ஏற்கெனவே மேல்பாரம் மிகுந்த கப்பல் என்று பெயர் பெற்றிருந்த அதன்மீது, டைட்டானிக் விபத்துக்குப் பிறகு எழுந்த பாதுகாப்பு நெருக்கடியால் கூடுதல் உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டிருந்தன. பாதுகாப்புக்காகச் சேர்த்த எடையே, சேர்த்த உயரம் தவறாக இருந்ததால், கப்பலின் நிமிரும் ஆற்றலைக் குறைத்தது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியமைத்தது என்று அப்போது செய்திகள் வந்தன. மீனைக் கீழ்த்தளத்தில் சுமக்க வடிவமைத்த உடலின் மேல் ஆட்கள் நிற்கும் தளத்தை எழுப்பினால் எடைக் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. ஆகவே இரண்டடுக்குப் படகில் மேல்தளம் நிரம்பி வழிவதைக் கண்டால் அடுத்த படகுக்குக் காத்திருப்பதே சரி. டிக்கெட் வாங்கியாயிற்றே என்ற தயக்கம் வேண்டாம்.

படகின் அடியில் தேங்கும் நீரைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மூன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 175 கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்று பேரின் எடை. அந்த மூன்று பேரும் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடுவார்கள் என்பதுதான் சிக்கல். பெல்ஜியத்தின் ஜீபிரக் துறைமுகத்தில் 1987 மார்ச் 6 அன்று ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கப்பல் முன்கதவு மூடப்படாமல் புறப்பட்டு, கார்கள் நிற்கும் தளத்தில் புகுந்த நீர் இப்படிப் புரண்டோடியதால்தான் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். ஏரிப் படகில் காலடியில் நீர் தேங்கினால் உடனே படகோட்டியிடம் சொல்லி இறைக்கச் செய்ய வேண்டும்.

வானிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னைக் கடற்கரையோரத்தில் வெயில் காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும் என்பதால், கழிமுகங்களில் காலைப் பயணமே அமைதியானது. இடியோசை கேட்டால் கரைக்குத் திரும்ப வேண்டும். திறந்த நீர்ப்பரப்பில் நாமே உயரமான பொருளாக இருப்போம். பெரிய படகு எழுப்பும் அலை வந்தால், அதைப் பக்கவாட்டில் வாங்காமல் படகின் முன்பகுதியைச் சற்றே சாய்வாக அதை நோக்கித் திருப்ப வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதை முதுகுக்கு மெத்தையாக வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்களை எல்லா ஏரிகளிலும் காணலாம். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், நீரில் நம் எடை மிகக் குறைவு. தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்திருக்கச் சில கிலோ தூக்குவிசையே போதும். ஆகவேதான் நீந்தத் தெரிந்தவர்களுக்கு 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ தூக்கும் மிதவை உடையும், அமைதியான நீர்நிலைகளுக்கு 100 நியூட்டன் ஜாக்கெட்டும் வகுக்கப்பட்டுள்ளன. முன்பு இவற்றில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். அதன் இழைகள் உள்ளே குழலாகவும் வெளியே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால் நீரை உறிஞ்சாமல் காற்றைப் பிடித்துவைக்கும். இன்று அந்த வேலையைச் செய்வது, காற்று தனித்தனிக் கண்ணறைகளில் அடைபட்ட பிளாஸ்டிக் நுரை. அது நசுங்கியோ கிழிந்தோ இருந்தால் மிதக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். வேறொன்று கேட்டு வாங்க வேண்டும்.

அணிந்த பிறகு எல்லா பக்கிள்களையும் பூட்டி, பட்டைகளை இறுக்கி, இரு கைகளையும் மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது முகவாயைத் தாண்டி ஏறினால் தளர்வாக இருக்கிறது; நீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு இடையே செல்லும் பட்டை உள்ளதையே கேட்க வேண்டும். பெரியவர் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டுவதால் பயனில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூடிய அறையுள்ள படகு கவிழ்ந்தால் ஜாக்கெட் அணிந்தவர் அறைக்குள்ளேயே மேல்நோக்கித் தள்ளப்பட்டுச் சிக்கிக்கொள்ளக்கூடும். அங்கே உட்காருவதைவிட, வெளியேற வழியுள்ள திறந்த கீழ்த்தளத்தில் அமர்வது மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் சிறு படகு கவிழ்ந்துவிட்டால், கரையை நோக்கி நீந்தத் தொடங்கக் கூடாது. நீரில் இருக்கும் கண்ணுக்குக் கரை உண்மையைவிட அருகில் தெரியும். நனைந்த ஆடையும் பதற்றமும் சேர்ந்து, நன்றாக நீந்துபவரையும் பாதி வழியில் களைப்படையச் செய்யும். கவிழ்ந்த படகோ, உள்ளே சிறைப்பட்ட காற்றாலும் மரத்தின் அல்லது நுரையின் மிதப்பாலும் பெரும்பாலும் மிதந்தபடியே இருக்கும். அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இருபுறமும் ஆட்கள் சமமாகப் பரவி, குழந்தைகளைப் படகின் அடிப்பாகத்தின் மேல் ஏற்றி, தலைகளை எண்ணிப் பார்த்து, உதவி வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தேடி வருபவர்களின் கண்ணுக்கு ஒரு தலையைவிடப் படகின் அடிப்பாகமே தொலைவிலிருந்து முதலில் தெரியும்.