எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள்

சமையலறையில் வரமிளகாய் தாளித்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் இருமுவார். அந்த நேரம் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் வீட்டில் இது ரொம்ப நாள் நடந்தது. ஃபேன் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கி மாட்டியும் நெடி குறையவில்லை. அப்புறம் ஒரு நாள் ஊதுபத்தி கொளுத்தி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். புகை நேராக மேலே ஏறி, ஜன்னலுக்கு ஒன்றரை அடி மேலே இருந்த ஃபேனுக்குள் போய்விட்டது. அதே பத்தியை அடுப்புக்கு மேலே பிடித்தால் புகை ஃபேன் பக்கமே திரும்பாமல் சுற்றிச் சுற்றி ஹாலுக்குப் போனது. அதாவது, ஜன்னல் வழியாக வந்த வெளிக்காற்றையே ஃபேன் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருந்தது! ஜன்னலைச் சாத்திவிட்டு ஹால் கதவைத் திறந்து வைத்தேன், அடுப்புப் புகை மெல்ல வளைந்து ஃபேனை நோக்கிப் போனது.

மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், மூச்சை உள்ளே இழுத்து அணைத்துப் பாருங்கள், முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் சேர்ந்து ஓடுவதால், துளையின் விட்டத்தைப் போல சுமார் 30 மடங்கு தூரம் போன பிறகுதான் அதன் வேகம் பத்தில் ஒரு பங்காகும். உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று வருவதால், ஒரு விட்ட தூரத்திலேயே வேகம் அந்த அளவுக்கு இறங்கிவிடும். அப்படியென்றால் 9 அங்குல ஃபேனின் இழுவை, முக்கால் அடி தள்ளினாலே பத்தில் ஒரு பங்குதான். மூன்றடி தள்ளி இருக்கும் அடுப்பின் புகையை ஃபேன் நேரடியாக இழுப்பதில்லை, அறைக்குள் காற்று நுழையும் இடத்திலிருந்து ஃபேன் வரை ஓடும் ஓட்டம்தான் அதைத் தூக்கிப்போகிறது. அதனால் காற்று எங்கிருந்து உள்ளே வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபேன் அதற்கு எதிர்ச்சுவரில், அடுப்புப் பக்கம், கூரையை ஒட்டி இருக்கட்டும், சூடான புகை மேலேதானே தேங்கும்.

அளவு கணக்கு சுலபம். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 800 கன அடி. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டுமென்றால் 16,000 கன அடி, சுமார் 450 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் எண் தடையே இல்லாதபோது கிடைப்பது, வலையும் ஷட்டரும் வந்தால் குறையும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

காற்று எதிர்த்து அடிக்கும் சுவரையும் தவிர்க்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் ஏறக்குறைய 60 பாஸ்கல் அழுத்தம் தரும், வீட்டு ஃபேன் அதை எதிர்த்துத் தள்ளத் திணறும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும், வேறு சுவரே இல்லையென்றால் வெளியே மூடாக்கு போட்டு, துளையின் அடிப்பக்கம் வெளியே சரியும்படி கொத்தனாரிடம் பூசச் சொல்லுங்கள். ஃபேன் வளையத்தைச் சுற்றி இடுக்கு விட்டால் வெளியே போன காற்று அதன் வழியாகவே திரும்பி வரும், அதை அடைத்துவிடுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்தால் சுவருக்குள் போகும் அதிர்வு குறையும்.

காற்றை உள்ளே தள்ளும் சப்ளை ஃபேனை மட்டும் சமையலறையில் மாட்டினால், அறையின் அழுத்தம் கூடி நெடியை ஹாலுக்கே அனுப்பும். தூசி வரக் கூடாத அறைக்குத்தான் அது சரி, அங்கே உள்ளழுத்தம் கூடுவதால் கதவிடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசி நுழையாது.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், காற்று வர வேறு வழி இல்லாதபோது கீசரின் புகைக்குழாய் வழியாகவே அது உள்ளே வரும், வெளியே போக வேண்டிய புகையும் அதோடு திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரையே எடுத்துவிடும். தயவுசெய்து கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டுங்கள்.