டெஸ்க்டாப் வந்த பிறகும் கணினி ஏன் திணறுகிறது?

பழைய லேப்டாப் ஒன்றை ஆன் செய்கிறோம். கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. ஐகான்கள் இருக்கின்றன, மவுஸ் நகர்கிறது. ஆனால் பிரவுசரை க்ளிக் செய்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை இழந்து இன்னும் நான்கு முறை க்ளிக் செய்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து ஐந்து சன்னல்களும் ஒன்றாகத் திறக்கின்றன. "சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

அந்தச் செலவை இப்போதே செய்ய வேண்டியதில்லை. ப்ராசஸர் வயதானதால் மெதுவாகிவிடுவதில்லை. தூசி அடைத்துச் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மற்றபடி வாங்கிய அன்று ஒரு வினாடிக்கு எத்தனை கோடிக் கட்டளைகளை நிறைவேற்றியதோ, இன்றும் அத்தனையை நிறைவேற்றுகிறது. இத்தனை வருடத்தில் மாறியது அதன் தலையில் நாம் ஏற்றிவைத்திருக்கும் வேலை. அதிலும் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே ஏறியது.

டெஸ்க்டாப் தெரிந்ததும் விண்டோஸின் வேலை முடிந்துவிடுவதில்லை. பயனர் உள்ளே வந்தவுடன் எதையெல்லாம் தொடங்க வேண்டும் என்று அது தேட ஆரம்பிக்கிறது. அந்தப் பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதுமில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பெயரில் சில பதிவுகள் இருக்கும். ஸ்டார்ட்அப் என்று தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடக்கூடிய சர்வீஸ்கள் வேறு, குறித்த நேரத்தில் எழுப்பிவிடும் டாஸ்க் ஷெட்யூலர் வேறு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இவை அனைத்தையும் ஒரே சன்னலில் காட்டும். அவர்களுடைய வின்டர்னல்ஸ் நிறுவனத்தையும் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தையும் மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிக்கொண்டது; கருவி இன்றும் மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே கிடைக்கிறது. சில வருடம் ஓடிய கணினியில் அதைத் திறந்தால் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும்.

இவையெல்லாம் எப்படி வந்து சேர்ந்தன? பிரிண்டர் வாங்கினோம், அதன் மென்பொருளை நிறுவினோம். கூடவே மை அளவைக் கவனிக்க ஒரு நிரல், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் வந்தன. பிடிஎஃப் படிக்க ஒன்றை இறக்கினோம்; தான் சீக்கிரம் திறப்பதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக அது தன் ஒரு பகுதியை முன்கூட்டியே ஏற்றிவைத்துக்கொள்கிறது. மீட்டிங் நடத்தும் மென்பொருள், பாட்டுக் கேட்கும் மென்பொருள், பையன் விளையாடும் கேமின் லாஞ்சர் என்று ஒவ்வொன்றும் தனக்கு ஓரிடம் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய சுமை இல்லை. ஆனால் இவற்றை எழுதியவர்கள் ஒவ்வொருவரும் கணினி முழுவதும் தங்கள் நிரலுக்கே என்ற நினைப்பில் எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரிண்ட் எடுப்பவரின் கணினியில் மை அளவு பார்க்கும் நிரல் தினமும் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, பின்னணியில் ஒரு நிரல் 'ஓடுகிறது' என்றால் என்ன பொருள்? ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நூறு, நூற்றைம்பது ப்ராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பயப்பட வேண்டாம். ப்ராசஸரின் நேரத்தைச் சில பத்து மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி, வேலை இருக்கும் நிரல்களுக்கு மட்டும் விண்டோஸ் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதிலும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் சன்னலுக்குத்தான் முன்னுரிமை. செய்வதற்கு எதுவும் இல்லாத நிரல், ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். அப்போது அது ப்ராசஸரின் நேரத்தை எடுப்பதே இல்லை. நூற்றைம்பதில் பெரும்பாலானவை எந்த நொடியிலும் இப்படித்தான் கிடக்கும்.

அப்படியானால் சுமை எங்கே? ஓடும் நிரல்களை வைத்திருக்கும் நினைவகமான ராமில் இருக்கிறது. அதைவிட ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

தூங்கும் நிரலும் ராமில் இடம் பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், பெரும்பகுதியை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் ஆன்டிவைரஸ், பின்னணி நிரல்கள், பிரவுசர் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காதபோது விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது. ராமை விண்டோஸ் 'பக்கங்கள்' என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது; கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை ராமிலிருந்து எடுத்து, டிஸ்க்கில் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவிட்டு, அந்த இடத்தைத் தேவைப்படும் நிரலுக்குக் கொடுக்கிறது. விண்டோஸ் 10 முதல் அப்படி எழுதுவதற்கு முன் பக்கங்களைச் சுருக்கி ராமிலேயே வைக்கவும் முயல்கிறது. டிஸ்க்கையும் நினைவகம்போலப் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு மிகப் பழையது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இது இருந்தது; அங்கே டிஸ்க்குக்குப் பதில் காந்த உருளை.

அளவாக நடக்கும்வரை இதனால் தொந்தரவில்லை. நிரல்கள் கேட்கும் இடம் ராமை மிஞ்சிப் போகும்போதுதான் சிக்கல். ஒரு நிரலுக்காக எடுத்து வெளியே வைத்த பக்கத்தை அடுத்த நொடியே இன்னொரு நிரல் கேட்கும். அதைக் கொண்டுவர வேறொரு பக்கத்தை வெளியே தள்ள வேண்டும், அதையும் உடனே யாராவது கேட்பார்கள். பயனுள்ள வேலை நின்றுபோய், பக்கம் மாற்றுவதே கணினியின் முழுநேர வேலையாகிவிடும். இதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். பீட்டர் டென்னிங் 1968இல் இது ஏன் நடக்கிறது என்று விளக்கினார். சுமை ஏற ஏறக் கணினி கொஞ்சம் கொஞ்சமாகத்தானே மெதுவாக வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஓர் எல்லைவரை ஒன்றும் தெரியாது, எல்லையைத் தாண்டியதும் திடீரென்று சரியும். இந்த இயல்பு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. எல்லைக்குச் சற்று மேலே தவிக்கும் கணினியில் மூன்று நான்கு நிரல்களை நிறுத்தினாலே போதும், அது எல்லைக்குக் கீழே வந்துவிடும். சின்ன மாற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

டிஸ்க்குக்குப் போய்வருவது அவ்வளவு தாமதமா என்று கேட்கலாம். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க 10 மில்லி வினாடி, அதற்கு மேலும் ஆகும். ராமுக்கு ஆகும் நேரத்தை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகும் நேரம் ஒரு நாளைத் தாண்டிவிடும். அதே கணக்கில், சுழலும் பாகமே இல்லாத டிரைவான எஸ்.எஸ்.டி.க்குப் பதினேழு நிமிடம் போதும்.

ஹார்ட் டிஸ்க்கின் தாமதம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. லேப்டாப்களில் வரும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேவையான இடம், தகவலைப் படிக்கும் தலைக்குக் கீழே சுழன்று வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும்; அதற்கு இன்னொரு 10 மில்லி வினாடி. எல்லாம் சேர்த்தால் ஒரு வினாடிக்கு அறுபது எழுபது இடங்களைத்தான் அதனால் தொட முடியும். ஒவ்வோர் இடத்திலும் 4 கேபி மட்டும் எடுத்தால் வினாடிக்கு 300 கேபியைக்கூடத் தாண்டாது. அதே டிஸ்க், பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 100 எம்பி அளவுக்குக் கொடுக்கும்!

இப்போது லாகின் செய்த அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பதினைந்து நிரல்கள் ஒரே நேரத்தில் தங்கள் கோப்புகளைக் கேட்கின்றன. கிளவுடில் கோப்புகளைச் சேர்க்கும் நிரல் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவுகிறது. திறக்கப்படும் ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் சோதிக்கிறது. ஒரே ஒரு கை எல்லாருக்காகவும் இங்கும் அங்கும் ஓடுகிறது. ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது எந்தக் கோப்புகளைக் கேட்கிறது என்று குறித்துவைத்து, அடுத்த முறை வரிசையாகப் படிக்கும் ஏற்பாடு 2001இல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸில் உண்டு. ஆனால் பதினைந்து வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அதன் பலன் கரைந்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவந்திருக்கும், பக்கத்திலேயே வேகம் 1 எம்பி என்று காட்டும். பலரைக் குழப்பும் காட்சி இது. டிஸ்க் முழு நேரமும் உழைக்கிறது. உழைப்பில் பெரும்பகுதி நகர்வதிலும் காத்திருப்பதிலும் போகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி மெதுவாக இருக்கும்போதே திறந்து சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று தலைப்புகளில் எது நிரம்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பார்க்காமலே கண்டதையெல்லாம் நிறுத்துவது எனக்குப் பிடிக்காத வழி. தலைப்பின் மேல் க்ளிக் செய்தால் அதிகம் எடுப்பவை மேலே வரும்.

அப்புறம் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 8க்கு முன்பு இதற்காக எம்.எஸ்.கான்ஃபிக் என்ற தனிக் கருவியைத் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அதன் தாக்கம் ஹை, மீடியம், லோ என்று குறிக்கப்பட்டிருக்கும். தொடங்கும்போது ப்ராசஸரில் ஒரு வினாடிக்கு மேல் அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் எடுத்தால் அது ஹை. வேண்டாததன் மேல் வலது க்ளிக் செய்து டிசேபிள் கொடுத்தால் போதும். நிரல் அழிந்துவிடாது, ஸ்டார்ட் மெனுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம், மனம் மாறினால் மறுபடி எனேபிள் செய்யலாம்.

மீட்டிங் மென்பொருள், கேம் லாஞ்சர், பாட்டு, பிடிஎஃப், பிரிண்டரின் துணை நிரல்கள் ஆகியவற்றை நான் யோசிக்காமல் நிறுத்திவிடுவேன். பிரிண்டர் இவையில்லாமலே அச்சடிக்கும். கிளவுட் நிரலை நிறுத்துவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். கோப்புகள் தானாகச் சேமிக்கப்படுகின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு அது நின்றுபோனது தெரியாமல் இருந்தால் பெரிய இழப்பாகிவிடும்.

தொடக்கூடாதவையும் உண்டு. ஆன்டிவைரஸ் எவ்வளவு எடுத்தாலும் இருக்கட்டும். ஆனால் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். டச்பேட், ஒலி, கிராஃபிக்ஸ் சார்ந்தவற்றை விட்டுவிடலாம். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவை பின்னணியில் இருந்தால்தான் விசைகளைத் தமிழாக மாற்ற முடியும். எடுத்துக்கொள்ளும் ராமும் மிகக் குறைவு. சர்வீஸ்கள் பக்கம் போவதானால் எம்.எஸ்.கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை முதலில் டிக் செய்துவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் பாருங்கள். ஒன்றை ஒன்று நம்பி ஓடும் சர்வீஸ்கள் நிறைய. இணையத்தில் யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து முப்பதை நிறுத்திவிட்டு, வைஃபை வரவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு, பிறகு ஒரு நாள் பயன்படுத்திப் பார்ப்பது என்று போனால் போதும்.

மாற்றங்களுக்குப் பின் ஷட் டவுன் செய்து ஆன் செய்யாமல், ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதியை டிஸ்க்கில் அப்படியே சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே மீண்டும் ஏற்றும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ஒரே க்ளிக்கில் ராமைக் காலி செய்கிறோம் என்று வரும் இலவச மென்பொருட்களை நிறுவவே வேண்டாம். அவை நிரல்களின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகின்றன. எண் குறைந்ததுபோல் தெரியும். அடுத்த க்ளிக்கில் அதே பக்கங்கள் திரும்ப வந்தாக வேண்டும், பலவற்றுக்கு டிஸ்க்வரை போக வேண்டியிருக்கும். அதோடு அந்த மென்பொருளே ஸ்டார்ட்அப்பில் இன்னொரு வரியாக உட்கார்ந்துகொள்ளும். ராம் நிரம்பியிருப்பதும் எப்போதும் கெடுதல் இல்லை. சும்மா கிடக்கும் இடத்தில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் வைத்திருக்கும், நிரல்கள் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

பிரவுசரையும் பாருங்கள். குரோம் போன்ற பிரவுசர்கள் வெவ்வேறு தளங்களைத் தனித்தனி ப்ராசஸாக ஓட்டுகின்றன. இருபது டேப் திறந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிக ராம் அங்கேயே போய்விடும். சன்னலை மூடிய பிறகும் பின்னணியில் தொடரும் வசதி அதன் செட்டிங்ஸில் இருக்கிறது. அதை அணைத்துவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் திணறினால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். சுழலும் தட்டும் நகரும் கையும் இல்லாததால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். ராம் 4 ஜிபி என்றால், லேப்டாப்பில் இடமிருந்தால் 8 ஆக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் சராசரிப் பதில் நேரம் தெரியும். எதுவும் ஓடாத நேரத்திலும் அது பல நூறு, ஆயிரம் மில்லி வினாடி என்று நின்றால், டிஸ்க் படிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கலாம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் எந்த நிரலையும் நிறுத்தப் போகாதீர்கள். குடும்பப் புகைப்படங்களையும் முக்கியமான கோப்புகளையும் அன்றைக்கே வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.