1763 ஆணை: படைவீரருக்குச் சொன்ன நிலமும் கிடைத்த அலைச்சலும்

பிரான்சுடனான ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் அரசுக் கடன் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிறப்பித்த ஆணை, அமெரிக்காவில் போரிட்டவர்களுக்கு இலவச நிலம் தருவதாகச் சொன்னது: கேப்டனுக்கு 3,000 ஏக்கர், சாதாரணச் சிப்பாய்க்கு 50 ஏக்கர், பத்தாண்டுகளுக்கு நிலவரி இல்லை. இந்த வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்தியவர்கள்தாம் ஏமாந்தார்கள்.

யாருக்கு நிலம் என்பதிலேயே முதல் சிக்கல். அமெரிக்காவில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அங்கேயே குடியிருந்து, நேரில் வந்து மனுக் கொடுக்கும் சிப்பாய்க்குத்தான் உண்டு. வர்ஜீனியா போன்ற பிரிட்டிஷ் குடியேற்றங்கள் தாமே திரட்டிய படைகளில் சண்டையிட்டவர்கள் தாங்களும் அடக்கம் என்று நம்பிக் காத்திருக்க, மன்னரின் நிரந்தரப் படையினருக்கு மட்டுமே என்ற விளக்கம் பல ஆண்டுகள் கழித்து லண்டனிலிருந்து வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் இடம். அதே ஆணை, அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே நிலம் அளக்கவும் பட்டா வழங்கவும் ஆளுநர்களுக்குத் தடை விதித்தது. அந்த மண் பூர்வகுடிகளுடையது என்பதால் தடையில் நியாயம் இருந்தது. ஆனால் மலைக்குக் கிழக்கே நல்ல நிலம் பெரும்பாலும் முன்பே பிறர் பெயரில் இருந்ததை அறிந்த அரசு, எங்கே தரப்போகிறோம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இலவசம் என்ற சொல்லையும் நம்ப முடியவில்லை. போருக்குப் பின் அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவுக்காக 1765-இல் ஆவணங்களுக்கு வரி விதிக்க வந்த முத்திரைச் சட்டம், 100 ஏக்கருக்கு உட்பட்ட நிலத்துக்கும் நிலத்தை அளப்பதற்கான உத்தரவுக்கு ஆறு பென்ஸ், பட்டாவுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என வரி விதித்தது. எதிர்ப்பு வெடித்து மறு ஆண்டே அது ரத்தானாலும் கசப்பு போகவில்லை.

அலைச்சலுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இந்த ஆணைக்கு முன்பே, வர்ஜீனியாவின் துணை ஆளுநர் தின்விடி 1754-இல் தொண்டர் படைக்கு 2,00,000 ஏக்கர் வாக்களித்தார்; அப்படையில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டனே முன்னின்று மனுச் செய்தும் ஒப்புதல் கிடைத்தது 1769 டிசம்பரில்தான். பிறகு 1775-இல், அளந்தவர் முறையான நில அளவர் அல்லர் என்று காரணம் காட்டிப் பட்டாக்களை ரத்து செய்யப்போவதாகச் செய்தி வர, வாஷிங்டன் மறுபடியும் ஆளுநருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அவருக்கோ அளவரை அமர்த்தவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வசதி இருந்தது. சக வீரர்கள் சிலரின் உரிமைகளையும் விலைக்கு வாங்கிச் சேர்த்தார். மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வழியில்லாத வீரனுக்கு, தன் உரிமையைக் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுப்பதே மிஞ்சியது.